திரள்மேகத்துக்குள் புகும் வறண்ட காற்று துளியை என்ன செய்கிறது? வேலூர் வானத்தை வைத்து ஒரு முழுக் கணக்கு

கத்திரி வெயில் நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஜவ்வாது மலைப் பக்கம் திரள்மேகங்கள் கிளம்பும். பெரும்பாலானவை மழையாகாமல் கரைந்துபோகும். சுற்றியுள்ள வறண்ட காற்று மேகத்துக்குள் புகுவதால் அது கரைகிறது. இந்த அளவில் விஷயம் எளிது. சிக்கல் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. வறண்ட காற்று புகுந்தால் மேகத்திலுள்ள எல்லாத் துளிகளும் கொஞ்சம் கொஞ்சம் சிறுக்கின்றனவா, இல்லை சில துளிகள் அடியோடு மறைந்து மீதி அதே அளவில் நிற்கின்றனவா? இரண்டிலும் மேகம் இழக்கும் தண்ணீர் ஒன்றே. ஆனால் மழை பிடிக்குமா என்பதைத் துளியின் அளவுதான் தீர்மானிக்கிறது. அதனால் இந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் கணக்கை வீட்டிலிருந்தே போடலாம். நிழலில் தொங்கவிட்ட ஒரு வெப்பமானி, ஒரு ஈரப்பதமானி, வானிலைப் பலூன் அளவீடு ஒன்று, கால்குலேட்டர் அல்லது எக்செல் தாள் போதும். இயற்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்களையும், ரேடார் படம் பார்த்துப் பழகிய வானிலை ஆர்வலர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

படி 1: மேகத்தின் அடிமட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

தரையில் காற்றின் வெப்பநிலை, பனிப்புள்ளி (காற்று குளிரும்போது நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) இரண்டும் வேண்டும். வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியைக் கழித்து 125-ஆல் பெருக்கினால், தரையிலிருந்து மேகத்தின் அடிமட்டம் எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிர்கிறது. அதன் பனிப்புள்ளியோ கிலோமீட்டருக்கு இரண்டு டிகிரிக்கும் குறைவாகவே இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடமே அடிமட்டம். 125 என்ற எண் அங்கிருந்து வருகிறது.

எடுத்துக்காட்டாக ஒரு ஜூன் மதியத்தை வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 34 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம். பனிப்புள்ளி 22 டிகிரி. வித்தியாசம் 12. அடிமட்டம் 1,500 மீட்டர். வேலூர் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல்மட்டக் கணக்கில் 1,720 மீட்டர். ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகம் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவருக்கு இதே மேகம் தலைக்கு மேல் ஆயிரம் மீட்டரிலேயே தெரியும்.

இந்தப் படியில் இரண்டு இடத்தில் சறுக்கும். மொட்டைமாடியில் வெப்பமானியை வைத்தால் கான்கிரீட்டின் சூடு இரண்டு மூன்று டிகிரியைக் கூட்டிக் காட்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் அடிமட்டம் 125 மீட்டர் எகிறும். நான்கடி உயரத்தில், காற்றோட்டமுள்ள நிழலில், மண்தரைக்கு மேல் தொங்கவிடுங்கள். அடுத்தது, "நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழி, ஐந்தால் வகு, வெப்பநிலையிலிருந்து கழி" என்ற குறுக்கு வழி. ஈரமான நாளுக்கு அது பரவாயில்லை. மேலே சொன்ன 34 டிகிரி, 50 சதவீத நாளுக்கு அது 24 என்று காட்டும். உண்மையான விடை 22. வேலூர்க் கோடைக்கு அந்தக் குறுக்கு வழியை விட்டுவிடுங்கள்.

மாதத்துக்கு மாதம் இது எவ்வளவு மாறுகிறது என்பதையும் பாருங்கள். 40 டிகிரி வெயிலும் 20 டிகிரி பனிப்புள்ளியும் உள்ள மே மதியத்தில் அடிமட்டம் 2,500 மீட்டர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 28-ம் 24-ம் என்றால் வெறும் 500 மீட்டர்.

படி 2: ஒன்றும் கலக்காத மேகத்தில் எவ்வளவு தண்ணீர்?

அடிமட்டத்துக்கு மேலே நீராவி துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிவருகிறது. அதனால் காற்று குளிர்வது கிலோமீட்டருக்குச் சுமார் 4.3 டிகிரியாகக் குறைகிறது. நம் எடுத்துக்காட்டில் அடிமட்டத்தில் 19.3 டிகிரி, அதற்கு ஒரு கிலோமீட்டர் மேலே 15 டிகிரி. அங்கே காற்றழுத்தம் சுமார் 735 மில்லிபார்.

இனி இரண்டு சூத்திரங்கள். பூரித ஆவியழுத்தம், அதாவது காற்று தாங்கக்கூடிய அளவு நீராவி நிறைந்திருக்கும்போது அந்த நீராவியின் அழுத்தம் (மில்லிபாரில்) = 6.11 × 10-இன் அடுக்கு [7.5 × வெப்பநிலை ÷ (237.3 + வெப்பநிலை)]. ஒரு கிலோ காற்றில் உள்ள நீராவி (கிராமில்) = 622 × ஆவியழுத்தம் ÷ (காற்றழுத்தம் − ஆவியழுத்தம்).

தரையில் பனிப்புள்ளி 22 டிகிரி, காற்றழுத்தம் 985 மில்லிபார் என்றால் ஒரு கிலோ காற்றில் 17.15 கிராம் நீராவி. 15 டிகிரியில், 735 மில்லிபாரில் அந்தக் காற்று தாங்கக்கூடியது 14.75 கிராம். மீதி 2.4 கிராம் துளியாகிவிட்டது. அந்த உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 0.89 கிலோ. ஆகவே கன மீட்டருக்கு 2.1 கிராம் தண்ணீர்.

வெளிக்காற்று கலக்காமல் ஏறிய மேகத்துக்கு உச்ச வரம்பு இது. விமானத்தில் போய் அளந்தவர்களுக்கு இந்த அளவு அபூர்வமாகவே கிடைத்தது. கரீபியன் பகுதித் திரள்மேகங்களின் அளவீடுகளை வைத்து, மேகம் ஏறும்போதே வெளிக்காற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது என்று ஹென்றி ஸ்டோமல் 1947-ல் காட்டினார். ஆஸ்திரேலியாவில் வார்னர் 1950-களில் அளந்தபோது, அடிமட்டத்திலிருந்து மேலே போகப் போக, இருக்கவேண்டிய தண்ணீரில் இருக்கும் பங்கு குறைந்துகொண்டே போனது.

படி 3: துளியின் ஆரம்

தண்ணீரின் அளவையும் துளிகளின் எண்ணிக்கையையும் வைத்துச் சராசரிக் கன அளவுள்ள துளியின் ஆரத்தைக் காணலாம்:

ஆரம் (மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில்) = 62 × கனமூலம் (ஒரு கன மீட்டரில் உள்ள தண்ணீர், கிராமில் ÷ ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள துளிகள்)

எண்ணிக்கையை நிர்ணயிப்பது நீராவி ஒட்டிக்கொள்ளும் நுண்தூசிகள். தூய கடற்காற்றில் கன சென்டிமீட்டருக்கு நூறு துளி என்று வைத்துக்கொள்ளலாம். நிலத்தின் உள்ளே சில நூறு முதல் ஆயிரம் வரை. செங்கல் சூளைப் புகையும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகளின் டீசல் புகையும் சேரும் பாலாற்றுச் சமவெளிக்கு 600 என்று எடுத்துக்கொள்வோம். இது அளந்த எண் இல்லை, கணக்குக்காக வைத்தது. நீங்கள் 300-ம் 1,000-ம் போட்டும் பாருங்கள்.

2.1 கிராம், 600 துளி: ஆரம் 9.4 மைக்ரான். இனிமேல் எல்லா ஒப்பீட்டுக்கும் இந்த 9.4 தான் அடிப்படை.

ஆரத்தையும் விட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேகத்துளி அளக்கும் விமானக் கருவிகள் பெரும்பாலும் விட்டத்தைப் பதிவு செய்யும். செயற்கைக்கோள் தரவு பெரும்பாலும் 'பயனுறு ஆரம்' என்ற வேறொரு சராசரியைத் தரும். பயனுறு ஆரம் நம் ஆரத்தைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதல்.

படி 4: வெளிக்காற்று எவ்வளவு புகுகிறது?

மேகத்தின் அகலம் தெரிந்தால் ஓரளவு மதிப்பிடலாம். ஆய்வகத்தில் ஏறும் தூண்களை வைத்துக் கண்ட விதி இது: ஒவ்வொரு மீட்டர் ஏற்றத்துக்கும் உள்ளே வரும் காற்றின் பங்கு = 0.2 ÷ மேகத்தின் ஆரம். 500 மீட்டர் ஆரமுள்ள மேகம் ஒரு கிலோமீட்டர் ஏறினால் அதன் நிறை ஒன்றரை மடங்காகிறது; அப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு வெளிக்காற்று. 1,500 மீட்டர் ஆரம் என்றால் எட்டில் ஒரு பங்கு. 200 மீட்டர் ஆரமுள்ள குட்டி மேகத்தில் 63 சதவீதம்! குட்டி மேகங்கள் ஏன் நிலைப்பதில்லை என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிட்டது.

அகலத்தை எப்படி அளப்பது? கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். 45 டிகிரி உயரத்தில் தெரியும் மேகத்தின் அடிமட்டம் 1,500 மீட்டர் என்றால், அது உங்களிடமிருந்து 2.1 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரு முஷ்டி அகலம் சுமார் 370 மீட்டர். இன்னொரு வழி நிழல். வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகளில் மேகநிழல் நகர்வது துல்லியமாகத் தெரியும். நிழல் ஒரு பாறையைக் கடக்க எடுக்கும் வினாடிகளை அந்த உயரத்துக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். 60 வினாடி, வினாடிக்கு 8 மீட்டர் என்றால் 480 மீட்டர். இதெல்லாம் முழு அகலம். சூத்திரத்தில் போடும் முன் பாதியாக்க வேண்டும். பலர் இங்கே தவறுவார்கள்.

இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்று பக்கவாட்டில் மட்டும் சீராக நுழைவதில்லை; உச்சியில் கொதித்துப் புரளும் குமிழ்களின் ஓரமாகவும் இறங்கி நுழைகிறது. 1979-ல் இல்கா பலுக் என்பவர், கலப்பில் மாறாத இரண்டு அளவுகளை வரைபடமாக்கி, மேகத்தின் ஒரு மட்டத்தில் இருக்கும் காற்று எந்த உயரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் முறையைக் கொடுத்தார். பல மேகங்களில் அது மேல்மட்டத்துக் காற்று என்றே தெரிந்தது.

படி 5: கலப்புக் கணக்கு

நம் மேகத்துக்கு வெளியே, அதே உயரத்தில், காற்று 14 டிகிரி என்றும் ஈரப்பதம் 60 சதவீதம் என்றும் வைப்போம். அதில் கிலோவுக்கு 8.2 கிராம் நீராவி.

இந்த அளவுக்குச் சென்னை மீனம்பாக்கத்தில் பறக்கவிடும் வானிலைப் பலூனைப் பயன்படுத்தலாம். நிலைய எண் 43279. இந்திய நேரம் காலை 5:30-க்கும் மாலை 5:30-க்கும் உரிய அளவீடுகளை வயோமிங் பல்கலைக்கழகத்தின் வானிலைத் தளத்தில் அட்டவணையாக எடுக்கலாம். கிலோவுக்கு எத்தனை கிராம் நீராவி என்ற நிரலும் அதிலேயே இருக்கும். கீழ் ஒன்றரை கிலோமீட்டரை நம்பாதீர்கள். அங்கே சென்னையின் கடற்காற்று இருக்கும், வேலூரில் இருக்காது. அதற்கு மேலே உள்ள மட்டங்களை எடுத்துக்கொள்ளலாம்.

80 சதவீதம் மேகக்காற்று, 20 சதவீதம் வெளிக்காற்று என்று கலப்போம்.

முதலில் வெறும் கலப்பு. வெப்பநிலை 14.8 டிகிரி. நீராவி 13.45 கிராம். திரவநீர் 2.4-இல் 80 சதவீதம், அதாவது 1.92 கிராம். 14.8 டிகிரியில் காற்று தாங்கக்கூடியது 14.57 கிராம். ஆகவே பற்றாக்குறை 1.12 கிராம்.

துளிகளிலிருந்து 1.12 கிராம் முழுவதும் ஆவியாக வேண்டும் என்று நினைத்தால் கணக்கு தப்பும். ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் ஆவியானால் காற்று இரண்டரை டிகிரி குளிர்கிறது. குளிர்ந்த காற்றின் கொள்ளளவும் டிகிரிக்குச் சுமார் 0.95 கிராம் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்கொள்வதால், இந்த வெப்பநிலையில், பற்றாக்குறையில் 0.3 பங்கு ஆவியானாலே காற்று பூரிதமாகிவிடும். (மேலே குளிர்ந்த மட்டங்களில் இது 0.4-ஐ நெருங்கும்.) எனவே ஆவியாவது 0.33 கிராம் மட்டும். மிச்சம் 1.59 கிராம், கன மீட்டருக்கு 1.4. வெப்பநிலை 14 டிகிரிக்கு இறங்குகிறது.

உற்றுக் கவனியுங்கள்: 2.4-லிருந்து 1.59-க்கு வந்ததில் பெரும்பங்கு, 0.48 கிராம், வெறும் நீர்த்தலால் போனது, ஆவியானது 0.33 தான்.

இப்போது பாதிக்குப் பாதி கலப்போம். நீராவி 11.49, வெப்பநிலை 14.5, பற்றாக்குறை 2.79, ஆவியாவது 0.84. திரவநீர் 1.2-லிருந்து 0.36 கிராமுக்கு வந்துவிட்டது. கன மீட்டருக்கு 0.32. வெப்பநிலை 12.4 டிகிரி, வெளிக்காற்றைவிட ஒன்றரை டிகிரி குளிர்ச்சி. இந்தக் காற்று இனி ஏறாது, கீழே இறங்கும். திரள்மேகத்தின் ஓரத்தைச் சுற்றி இறங்குகாற்றின் உறை ஒன்று இருப்பதன் காரணம் இதுதான். வெளிக்காற்றின் பங்கு 60 சதவீதத்தை எட்டினால் ஒரு துளியும் மிஞ்சாது. படி 4-இல் சொன்ன 200 மீட்டர் குட்டி மேகத்தின் 63 சதவீதத்தை இதோடு பொருத்திப் பாருங்கள்.

படி 6: அதே தண்ணீர், இரண்டு விதமான துளிகள்

மிச்சமிருக்கும் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. அது எத்தனை துளிகளில் இருக்கிறது?

ஒரு வழி, சீரான கலப்பு. வெளிக்காற்று நொடியில் எல்லா இடமும் பரவிவிடுகிறது. எல்லாத் துளிகளும் ஒரே வறட்சியைச் சந்தித்து ஒன்றுபோல் சிறுக்கின்றன. எண்ணிக்கை நீர்த்தலால் மட்டும் குறையும். இன்னொரு வழி, திட்டான கலப்பு. வறண்ட காற்று திட்டாக நிற்கிறது. அதன் விளிம்பில் அகப்பட்ட துளிகள் முழுதாக ஆவியாகி அந்தத் திட்டைப் பூரிதமாக்குகின்றன. மற்ற துளிகளுக்கு வறட்சியே தெரியாது. பந்தியில் சாப்பாடு குறைந்துபோனால் எல்லா இலைக்கும் பாதி பரிமாறுவதற்கும், பாதிப் பேரை எழுப்பிவிட்டு மீதிப் பேருக்கு முழுச்சாப்பாடு போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இந்த இரண்டாவது வழியை 1980-ல் பேக்கர், கார்பின், லாதம் ஆகியோர் மாதிரிக் கணக்காக முன்வைத்தார்கள்.

20 சதவீதக் கலப்பு: சீரானது என்றால் 480 துளி, ஆரம் 8.9 மைக்ரான். திட்டானது என்றால் 400 துளி, ஆரம் அதே 9.4.

50 சதவீதக் கலப்பு: சீரானது என்றால் 300 துளி, ஆரம் 6.3. திட்டானது என்றால் சுமார் 90 துளி, ஆரம் 9.4.

முதல் ஜோடியில் வித்தியாசம் அரை மைக்ரான். அளவீட்டுப் பிழைக்குள் அது மறைந்துவிடும். கொஞ்சமாகக் கலந்த மேகமையத்தை மட்டும் அளந்துவிட்டு "இது சீரான கலப்பு" என்றோ "திட்டான கலப்பு" என்றோ தீர்ப்புச் சொல்பவர்களை நம்பவேண்டாம் என்பதற்கு இந்த ஒரு எண் போதும். நன்றாக நீர்த்த ஓரப்பகுதிகளில்தான் இரண்டும் பிரிந்து தெரியும்.

வெளிக்காற்றின் ஈரப்பதமும் இதே அளவுக்கு முக்கியம். பாதிக்குப் பாதிக் கலப்பில் ஈரப்பதத்தை 85 சதவீதமாக்கினால் சீரான கலப்பிலும் ஆரம் 8.5-இல் நிற்கும். 30 சதவீதமாக்கினால் மேகமே இருக்காது. ஐப்பசி மாதத்து ஈரக்காற்றில் கலப்பின் வகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சித்திரையில் அதுதான் முதல் கேள்வி.

படி 7: எந்த வழி நடக்கும்? இரண்டு கடிகாரங்கள்

ஒரு கடிகாரம், கொந்தளிப்பு ஒரு திட்டைக் கலைக்க எடுக்கும் நேரம். திட்டின் அளவை அதே அளவால் பெருக்கி, கொந்தளிப்பின் ஆற்றல் சிதைவு வீதத்தால் (சுழல்களின் ஆற்றல் எவ்வளவு வேகமாக வெப்பமாகிறது என்ற அளவால்) வகுத்து, கனமூலம் எடுங்கள். ஓரளவு வலுவான திரள்மேகத்துக்குச் சிதைவு வீதத்தை 0.01 (மீட்டர் இருமடி, வினாடி மும்மடியின் கீழ்) என்று வைக்கலாம். 100 மீட்டர் திட்டு கலைய 100 வினாடி. ஒரு மீட்டர் திட்டுக்கு ஏறக்குறைய 5 வினாடி. 10 சென்டிமீட்டருக்கு ஒரு வினாடி.

மற்றது, துளி முழுதாக ஆவியாகும் நேரம்: ஆரத்தின் இருமடி ÷ (2 × 100 × வறட்சி). ஆரம் மைக்ரானில். வறட்சி என்பது 60 சதவீத ஈரப்பதத்துக்கு 0.4, 90 சதவீதத்துக்கு 0.1. நம் 9.4 மைக்ரான் துளி 60 சதவீதக் காற்றில் 1.1 வினாடியில் போய்விடும். 90 சதவீதக் காற்றில் 4.4 வினாடி தாங்கும். 5 மைக்ரான் துளி 60 சதவீதத்தில் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாக்குப்பிடிக்காது.

கலையும் நேரத்தை ஆவியாகும் நேரத்தால் வகுத்தால் வருவது தாம்கோலர் எண். ஒன்றுக்கு மிக மேலே என்றால் திட்டான கலப்பு. மிகக் கீழே என்றால் சீரான கலப்பு. 100 மீட்டர் திட்டுக்கு அது தொண்ணூறைத் தாண்டுகிறது. 10 சென்டிமீட்டர் இழைக்கு ஏறக்குறைய ஒன்று.

ஆக, ஒரே மேகம் இரண்டு வேலையும் செய்கிறது. பெரிய திட்டுகள் உடைந்து இழைகளாகும் வரை ஓரத்துத் துளிகள் முழுதாக அழிகின்றன. சாண் அளவுக்கும் கீழே இழை மெலிந்தபிறகு, கொந்தளிப்பு அடங்கும் மில்லிமீட்டர் அளவு வரை, எல்லாத் துளிகளும் சேர்ந்து சிறுக்கின்றன. இழை ஓரளவு ஈரமாகிவிட்டால் ஆவியாகும் நேரம் நீண்டு, மாறும் எல்லை ஒரு மீட்டர் வரை மேலே வந்துவிடும். புகை நிறைந்த காற்றின் சிறு துளிகள் திட்டான பக்கம் சாயும். பெரிய துளிகளும் கடுமையான கொந்தளிப்பும் சீரான பக்கம் சாய்க்கும். "மேகத்தின் தாம்கோலர் எண் இவ்வளவு" என்று ஒற்றை எண் கொடுப்பது பொருளற்றது. எந்த அளவுத் திட்டுக்கு என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

படி 8: கலப்பு வரைபடம்

கிடையச்சில் துளிகளின் எண்ணிக்கையை 600-ஆல் வகுத்துப் போடுங்கள். செங்குத்து அச்சில் ஆரத்தின் மும்மடியை 9.4-இன் மும்மடியால் வகுத்துப் போடுங்கள். கலக்காத மேகம் வலது மேல்மூலையில், ஒன்றுக்கு ஒன்று என்ற புள்ளியில் இருக்கும். திட்டான கலப்பு அங்கிருந்து இடப்பக்கம் நேர்கோடாகப் போகும். 60 சதவீத ஈரப்பதத்துச் சீரான கலப்பு வளைந்து இறங்கும்: (0.8, 0.83), (0.5, 0.30). ஈரப்பதம் 85, 30 என்று மாற்றி வேறு வளைகோடுகளையும் அதே தாளில் வரைந்துவையுங்கள். உண்மை அளவீடு கிடைத்தால் அதன் புள்ளிகள் எந்தக் கோட்டை ஒட்டுகின்றன என்று பார்ப்பதுதான் மிச்சம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வினாடிக்கு 100 மீட்டர் போகும் விமானம் வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்தால் ஒவ்வொரு பதிவும் 100 மீட்டர் காற்றின் சராசரி. அந்த நூறு மீட்டரில் பாதி மேகமாகவும் பாதி வெறுங்காற்றாகவும் இருந்து, இரண்டும் கலக்கவே இல்லை என்றால்? எண்ணிக்கை பாதியாகும், ஆரம் மாறாது, வரைபடத்தில் அச்சு அசலாகத் திட்டான கலப்பு போலவே விழும். கலப்பே நடக்காததைக் கலப்பின் ஒரு வகை என்று படித்துவிடுவோம். ஒளிப்படிமக் கருவியால் சில சென்டிமீட்டர் அளவிலேயே துளிகளைப் பதிவு செய்யத் தொடங்கியபின்தான், மேகமும் வெறுங்காற்றும் கூர்மையான எல்லையோடு இழை இழையாக நிற்பது நேரடியாகத் தெரிந்தது.

இந்திய மேகங்களுக்கும் அளவீடு உண்டு. புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009-ல் தொடங்கிய விமான ஆய்வின் தரவை வைத்து 2011-ல் வெளியான ஒரு பகுப்பாய்வில், ஆழமான திரள்மேகங்களில் கலப்பு பெரும்பாலும் திட்டான வகையை ஒட்டியே இருந்தது: தண்ணீர் குறைந்தபோது எண்ணிக்கை விழுந்தது, ஆரம் அதிகம் அசையவில்லை. சராசரிப் பொறியை மனதில் வைத்தே இதைப் படிக்கவேண்டும் என்றாலும், நடைமுறைக் கணக்குக்கு இது பெரிய வசதி.

கலந்தபின் மேகம் தொடர்ந்து ஏறினால்

20 சதவீதம் கலந்த காற்று வெளிக்காற்றைவிட இன்னும் லேசானதுதான். வெப்பநிலை சமமானாலும் அதில் நீராவி கூடுதல். ஆகவே அது ஏறும். இன்னும் 500 மீட்டர் ஏறி கன மீட்டருக்கு ஒரு கிராம் தண்ணீர் சேர்ந்தது என்று வைப்போம் (காற்று விரிவதை இங்கே விட்டுவிடுகிறோம்). கலக்காத காற்றில் 3.1 கிராம், 600 துளி: 10.7 மைக்ரான். சீராகக் கலந்ததில் 2.4 கிராம், 480 துளி: 10.6. திட்டாகக் கலந்ததில் 2.4 கிராம், 400 துளி: 11.3.

தண்ணீர் குறைவு, துளி பெரிது! போட்டிக்கு ஆள் குறைந்ததால் மிச்சமிருந்த துளிகளுக்குக் கூடுதல் நீராவி கிடைத்தது. வறண்ட காற்று மழைக்கு எதிரி என்று மட்டும் பார்த்தால் இந்த விளைவு கண்ணில் படாது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வெளிக்காற்றோடு வந்த புதுத் தூசுகளில் துளிகள் முளைக்கக்கூடாது. துளிகள் குறைந்த காற்று வேகமாக ஏறினால் மிகைப்பூரிதம் (தாங்கக்கூடியதைவிடக் கூடுதல் நீராவி இருக்கும் நிலை) கூடி, புதிய குட்டித் துளிகள் பிறந்து அந்த லாபத்தைத் தின்றுவிடும். அப்போது பெரியதும் சிறியதும் கலந்த அகலமான பரவல் கிடைக்கும். நீராவி படிந்து மட்டும் வளர்ந்தால் துளிகள் எல்லாம் ஒரே அளவை நெருங்க வேண்டும். உண்மை மேகங்களில் அப்படி இல்லாததற்கு இது ஒரு காரணம்.

மழை பிடிக்க எவ்வளவு உயரம்?

துளிகள் மோதி இணையும் வேகம் அளவோடு செங்குத்தாகக் கூடுகிறது. பயனுறு ஆரம் 14 மைக்ரானை எட்டும்போது மழை தொடங்குகிறது என்பது பரவலாகப் பயன்படும் எல்லை. நம் ஆரத்தில் 13. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 600 துளிக்குக் கன மீட்டருக்கு 5.5 கிராம் தண்ணீர் வேண்டும். அதாவது அடிமட்டத்துக்கு மேலே மூன்று கிலோமீட்டருக்கு நெருக்கமான ஆழம், கலக்காத மேகத்துக்கே. 100 துளியுள்ள கடல்மேகத்துக்கு 0.9 கிராம் போதும். அரை கிலோமீட்டரில் கிடைத்துவிடும். 1,000 துளி என்றால் 9 கிராம். உறைநிலை மட்டத்துக்குக் கீழே அது கிடைக்காது, பனிப்படிகங்கள் வந்துதான் மழையைத் தொடங்கவேண்டும்.

வானத்தில் சரிபார்க்க

காலிஃபிளவர் போலக் கூர்மையான விளிம்போடு புடைக்கும் கோபுரம் என்றால் உள்ளே அதிகம் நீர்க்காத காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. விளிம்பு நைந்து நாராகத் தொங்கினால் கலப்பு முடிந்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

நிலா வெளிச்சத்தில் மெல்லிய மேகத்திட்டு கடக்கும்போது நிலாவைச் சுற்றி நிறவளையம் தெரிந்தால் துளியின் அளவையே எடுக்கலாம். முதல் இருள்வளையத்தின் ஆரம் 3.2 டிகிரி என்றால் துளியின் ஆரம் சுமார் 6 மைக்ரான், 1.9 டிகிரி என்றால் 10. நிலாவின் விட்டம் அரை டிகிரி என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வளையம் தெளிவாக இருந்தால் துளிகள் ஒரே அளவு. நிறம் கலங்கி வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் பல அளவுகள். சூரியனை வைத்து இதைச் செய்யக்கூடாது, கண் போய்விடும்.

செயற்கைக்கோளில் இன்சாட் வரிசையின் அகச்சிவப்புப் பட்டைகளைக் கொண்டு மேகஉச்சியின் பயனுறு ஆரத்தை மதிப்பிட முடியும். 3.9 மைக்ரான் பட்டையின் ஒரு படப்புள்ளி 4 கிலோமீட்டர்; அரை கிலோமீட்டர் அகல மேகம் அதற்குள் தனியாகத் தெரியாது. ஜவ்வாது, ஏலகிரி மேல் மேகங்கள் கூடிக் கோபுரமானபிறகே அந்தத் தரவைப் பாருங்கள்.

சென்னைத் துறைமுக ரேடாரை இந்த வேலைக்கு எடுக்கவேண்டாம். அது மழைத்துளிக்கானது, பத்து மைக்ரான் துளியைக் காணாது. அதோடு அரை டிகிரி சாய்வில் கிளம்பும் அதன் கற்றை, பூமியின் வளைவால், வேலூருக்கு மேல் வரும்போது தரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ஜூன் மதியத்து மேகத்தின் அடிமட்டம் 1,500 மீட்டர் என்று படி 1-இல் வந்ததே, அதன் கீழ்ப்பகுதி அந்தக் கற்றையின் மையத்துக்குக் கீழேயே இருந்துவிடும்.